கோழி இறைச்சிக்கு ஆய்வகச் சோதனை: எதைக் கேட்பது, எதை நம்புவது?

சிப்புட்சமையல் எழுதியது:

வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறேன். கல்யாணம், கோவில் விருந்து, பிறந்தநாள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குச் சாப்பாடு, இப்படி. இப்போது ஒரு தொழிற்சாலையிலிருந்து தினமும் மதியச் சாப்பாடு கொடுக்கிற ஆர்டர் வரும்போல இருக்கிறது, ஆனால் "கோழி இறைச்சிக்கு ஆய்வக அறிக்கை" வேண்டும் என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. நான் கோழி எடுப்பது பசாரில், தெரிந்த கடையில். ஆய்வகத்துக்கு போன் போட்டால் டிபிசி வேண்டுமா, கோலிஃபார்ம் வேண்டுமா, சால்மோனெல்லா வேண்டுமா என்று அவர்கள் என்னையே கேட்கிறார்கள்.

எது முக்கியம்? ஒரு தடவை சோதித்தால் அது எத்தனை நாளைக்குச் செல்லும்? இன்னொன்று, போன வருடம் எங்கள் பக்கத்தில் வேறொருவர் சமைத்த விருந்தில் நிறைய பேருக்கு வயிற்றால் போனது. எல்லாரும் கோழியைத்தான் குற்றம் சொன்னார்கள், உண்மையில் என்ன என்று யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. காகிதத்துக்காக மட்டும் கேட்கவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டு ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகக்கூடாது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிய வேண்டும்.

பெட்ரிதட்டு எழுதியது:

அக்கா, நான் ஈப்போவில் ஓர் உணவு ஆய்வகத்தில் நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

டிபிசி என்பது மொத்தம் எத்தனை பாக்டீரியா இருக்கிறது என்ற எண்ணிக்கை. இறைச்சி எவ்வளவு நேரம் கிடந்தது, எவ்வளவு சுத்தமாகக் கையாண்டார்கள் என்று ஓரளவு காட்டும், அவ்வளவுதான். டிபிசி குறைவாக இருக்கிற கோழியில் சால்மோனெல்லா, அதாவது வயிற்றைக் கெடுக்கிற நோய்க்கிருமி, இருக்கலாம், அதிகமாக இருக்கிற கோழியில் அது இல்லாமலும் போகலாம். கோலிஃபார்மும் ஈ.கோலையும் குடல் அழுக்கு பட்டிருக்கிறதா என்பதற்கு அடையாளம். இவை சீக்கிரம் முடிகிற சோதனைகள் என்பதால் நிறைய கடைக்காரர்கள் இவற்றை மட்டும் செய்து அறிக்கையைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் நோய்க்கிருமி இல்லை என்று அதற்கு அர்த்தமும் இல்லை. நீங்கள் "சால்மோனெல்லா, 25 கிராமில் உண்டா இல்லையா" என்று தனியாக எழுதிக் கேளுங்கள்.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 6579 முறைதான். முதல் நாள் 25 கிராம் இறைச்சியை, தோலோடு, 225 மில்லிலிட்டர் பெப்டோன் நீரில் கலந்து 37 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுமார் 18 மணி நேரம் வைப்போம். ஐஸில் கிடந்தும் குளோரின் பட்டும் துவண்டுபோன கிருமிக்குத் தெம்பு வரத்தான் அந்த ஒரு இரவு, அதைச் சுருக்கினால் இருக்கிற கிருமிகூட அகப்படாமல் போகும். மறுநாள் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, மற்ற கிருமிகளை அடக்கி சால்மோனெல்லாவை வளரவிடுகிற இரண்டு திரவங்களில் போடுவோம், ஒன்று 41.5 டிகிரியில், இன்னொன்று 37 டிகிரியில். மூன்றாம் நாள் எக்ஸ்எல்டி என்கிற சிவப்புத் தட்டிலும் வேறு வகைத் தட்டு ஒன்றிலும் இழுப்போம். நான்காம் நாள் காலையில் நடுவில் கறுத்த காலனி தெரிந்தால் சந்தேகம். அப்போதும் சந்தேகம் மட்டும்தான், ஏனென்றால் புரோட்டியஸ் என்கிற வேறொரு கிருமியும் அதே கறுப்பைக் காட்டும், கறுப்பே காட்டாத சால்மோனெல்லாவும் உண்டு. அதனால் உயிர்வேதிச் சோதனை, சீரம் சோதனை எல்லாம் செய்து உறுதி சொல்ல ஐந்து நாள் ஆகிவிடும். கிருமியின் மரபணுவைத் தேடுகிற பிசிஆர் கருவி இருந்தால் நாள் குறையும், ஆனால் அந்த முதல் இரவு பிசிஆருக்கும் வேண்டும். காலையில் கொடுத்து மாலையில் வாங்கிப்போகலாம் என்று யாராவது சொன்னால் எந்த முறை என்று கட்டாயம் கேளுங்கள்.

ஆய்வகத்துக்கு சாம் அங்கீகாரம், அதாவது மலேசியத் தரநிலைத் துறை கொடுக்கிற ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம், இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு விட்டுவிட வேண்டாம். சால்மோனெல்லா சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலுக்குள் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரே ஆய்வகத்தில் சில சோதனைக்கு இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது.

கங்காணிபேரன் எழுதியது:

தம்பி சொல்வதெல்லாம் சரி. ஆனால் எங்கள் பாட்டி தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, பின்னால் கோழி வளர்த்து, அடுப்படியிலேயே அறுத்து, அங்கேயே சமைத்துப் போட்டார்கள். ஊரே சாப்பிட்டது. எந்தத் தட்டிலும் யாரும் எதையும் வளர்க்கவில்லை. இந்தப் பயமெல்லாம் இப்போது ஏன் வந்தது? கோழி கெட்டுவிட்டதா, நாம் கெட்டுவிட்டோமா? உண்மையாகவே கேட்கிறேன்.

தாதி_பேராக் எழுதியது:

ஐயா, பாட்டி காலத்திலும் வயிற்றுப்போக்கு இருந்தது, லயத்துப் பிள்ளைகள் அதில் இறந்ததும் உண்டு, காரணம் தேடிப் பார்க்க யாரும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. அறுத்த கோழி அரை மணியில் அடுப்பில் இருந்தது. ஒரு கோழி, ஒரு குடும்பம். அதில் கிருமி இருந்தாலும் அது பெருக நேரமில்லை, பரவ இடமில்லை. இப்போது ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கோழிகள், எல்லாம் ஒரே லோரியில், ஒரே வெந்நீர்த் தொட்டியில். ஒன்றில் இருப்பது மற்றதுக்குப் போகிறது. அப்புறம் கடை, கார், வீட்டு ஃப்ரிட்ஜ், மறுநாள் சமையல்.

சித்தியவான்பண்ணை எழுதியது:

கோழி கெட்டுவிடவில்லை அண்ணே. நான் பண்ணை மேற்பார்வையில் இருப்பவன், மஞ்சோங் பக்கம். மக்களுக்கு ஒன்று புரிவதில்லை. சால்மோனெல்லா இருக்கிற கோழி நோயாளி மாதிரி இருக்காது. புல்லோரம், கேலினாரம் என்று கோழியையே கொல்கிற வகைகள் உண்டு, அவை வந்தால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். மனிதனுக்கு வயிற்றைக் கலக்குகிற என்டரிடிடிஸ், டைஃபிமூரியம் வகைகள் வளர்ந்த கோழியின் குடலில் சும்மா இருக்கும். கோழி நன்றாகத் தின்னும், எடை போடும். கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் ஆய்வகம் வேண்டும்.

பண்ணையில் நாங்கள் இறைச்சியைச் சோதிப்பதில்லை. பூட்ஸுக்கு மேல் துணி உறை மாட்டிக்கொண்டு கொட்டகை முழுக்க நடப்போம், எச்சம் ஒட்டிய அந்த உறையை ஆய்வகத்துக்கு அனுப்புவோம். ஒரு கோழியைப் பிடித்துச் சோதிப்பதைவிட மொத்தக் கொட்டகையைப் பற்றி அது அதிகம் சொல்லும். லோரி ஏற்றுவதற்கு முன் 8 முதல் 12 மணி நேரம் தீனியை நிறுத்துவது எதற்கு என்று நிறைய பேருக்குத் தெரியாது. குடல் நிறைந்திருந்தால் அறுக்கும்போது கிழிந்து, உள்ளே இருப்பது இறைச்சியில் கொட்டும். அந்தக் கூண்டுகள் இருக்கின்றனவே, அவற்றைச் சரியாகக் கழுவாமல் அடுத்த பண்ணைக்கு அனுப்பினால் ஆறு வாரம் சுத்தமாக வளர்த்த கோழி ஒரே பயணத்தில் கிருமியைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அதில்தான் கோபம் அதிகம்.

பசார்கோழி எழுதியது:

நான் கடைக்காரன். கோழியை வாங்கி, அறுத்து, ரோமம் எடுத்து, வெட்டிக் கொடுப்பவன். இந்த இழையில் ஒருவரும் தண்ணீரைப் பற்றி எழுதவில்லை, எனக்கு அது பெரிய விஷயம். வெந்நீர்த் தொட்டியில் காலையிலிருந்து எத்தனை கோழி முக்கியிருக்கும்? அதே தண்ணீர். அப்புறம் ரோமம் எடுக்கிற டிரம், அதன் ரப்பர் விரல்கள் எல்லாக் கோழி மேலும் உரசுகின்றன. நான் தண்ணீரை இடையிடையே மாற்றுவேன், ரப்பர் வெடித்துவிட்டால் கழற்றிப் புதிது போடுவேன், ஏனென்றால் வெடிப்புக்குள் புகுந்த அழுக்கை எந்த சோப்பும் எடுக்காது. குடல் எடுக்கிற கத்தியும் துண்டு போடுகிற கத்தியும் வேறு வேறு. இதற்கெல்லாம் நேரமும் காசும் ஆகிறது, பக்கத்துக் கடையில் 50 சென் குறைவு என்று வாடிக்கையாளர் போய்விடுகிறார்.

கேட்டரிங் அக்காவுக்கு என் கேள்வி. நீங்கள் சோதனைக்கு எடுக்கப்போவது காலையில் முதலில் அறுத்த கோழியையா, பதினோரு மணிக்கு அறுத்ததையா? ரெண்டுக்கும் ஒரே முடிவு வராது.

ஆலயப்பொருளாளர் எழுதியது:

நானும் இதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். எங்கள் ஆலயத்தில் அன்னதானம் சைவம்தான், ஆனால் மண்டபத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும்போது அசைவச் சாப்பாடு வருகிறது, ஏதாவது ஆனால் எங்கள் பெயர்தான் போகும். "சால்மோனெல்லா இல்லை" என்று அறிக்கை காட்டினால்தான் சமைக்க விடுவோம் என்று விதி வைத்தால் போதுமா?

பெட்ரிதட்டு எழுதியது:

ஐயா, போதாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு நாள் வந்த கோழிகளில் பத்தில் ஒன்றில் சால்மோனெல்லா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கோழியைச் சோதித்தால் 90 விழுக்காடு வாய்ப்பில் "இல்லை" என்றுதான் வரும். சரி, ஐந்து கோழி எடுக்கிறோம், ஐந்திலும் "இல்லை" வருவதற்கு வாய்ப்பு 0.9ஐ ஐந்து தடவை பெருக்கினால் கிடைக்கும், சுமார் 59 விழுக்காடு. அதாவது ஐந்து மாதிரி எடுத்து, ஆய்வகம் ஒரு தப்பும் செய்யாமல், முழு ஒழுங்காகச் சோதித்தாலும் பாதிக்கு மேற்பட்ட தடவை அந்தக் கிருமி நம் கையில் சிக்காது. அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்றுதான் எழுதுவோம், அந்த 25 கிராமைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அப்படியானால் சோதனையே வீண் என்று நினைக்க வேண்டாம், எனக்கு இது வெறும் சம்பள வேலை இல்லை. தொடர்ந்து செய்தால்தான் பலன். ஐரோப்பாவில் அறுவைக்கூடங்கள் வாராவாரம் கழுத்துத் தோலை எடுத்து அனுப்புகின்றன, 50 மாதிரி சேரும்போது அதில் ஐந்துக்கு மேல் பாசிட்டிவ் வந்தால் அந்த அறுவைக்கூடம் தன் வேலைமுறையைத் திருத்த வேண்டும். அங்கே யாரும் ஒரு கோழிக்கு நற்சான்று கொடுப்பதில்லை. எந்தப் பண்ணையிலிருந்து, எந்தக் கூடத்திலிருந்து, எந்த மாதத்தில் கூடுகிறது என்று பார்க்கிறார்கள். சால்மோனெல்லாவில் 2500க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, வகை தெரிந்தால் நோயாளியின் மலத்தில் கிடைத்ததும் கடைக் கோழியில் கிடைத்ததும் ஒன்றுதானா என்று பொருத்திப் பார்க்கலாம். எந்த ஆன்டிபயாடிக் அதன் மேல் வேலை செய்யவில்லை என்றும் பார்ப்போம், அது மருத்துவருக்கு நேரடியாக உதவும்.

பசார் அண்ணன் கேட்ட கேள்வி எங்கள் ஆட்களே மறக்கிற கேள்வி. பதினோரு மணிக் கோழியைத்தான் எடுக்க வேண்டும். நல்ல முடிவு வாங்குவதற்காக மாதிரி எடுத்தால் அந்தக் காசுக்கு ஐஸ் வாங்கிப் போடலாம்.

கங்காணிபேரன் எழுதியது:

59 விழுக்காடு என்று பார்த்ததும் திரும்பப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. அப்படியென்றால் சமையல்காரர் என்ன செய்ய வேண்டும்? எந்தக் கோழியாக இருந்தாலும் கிருமி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வதுதான் வழியா?

தாதி_பேராக் எழுதியது:

ஆமாம் ஐயா, அதுதான் வழி. இறைச்சியின் உள்பகுதி 74 டிகிரி தொட்டால் சால்மோனெல்லா செத்துவிடும். நம் ஊர்க் குழம்பில் கோழி நன்றாகவே வெந்துவிடுகிறது. பிரச்சினை பெரும்பாலும் வேறு இடத்தில். பச்சைக் கோழியைக் குழாயடியில் வேகமாகக் கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கிற வெள்ளரிக்காய் மேலும், கழுவி வைத்த தட்டு மேலும் விழுகிறது. கோழி வெட்டிய பலகையில் வெங்காயம் வெட்டுகிறார்கள், அது சாலட்டில் பச்சையாகப் போகிறது. கோழி வெந்தது, சாலட் வேகவில்லை. சால்மோனெல்லா கோழியோடு மட்டும் வருவதும் இல்லை. 2018இல் கெடா பாலிங்கில் இரண்டு பேர் இறந்தார்களே, அது லக்சா என்கிற நூடுல்ஸ் சாப்பிட்டு.

சிப்புட்சமையல் அக்கா சொன்ன விருந்துக்கு வருகிறேன். சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து வயிற்றால் போனது, வாந்தி முதலில் வந்ததா, காய்ச்சல் இருந்ததா என்று யாராவது எழுதி வைத்தார்களா? இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி என்றால் ஸ்டஃபிலோகாக்கஸ் நச்சை நினைப்போம், அது கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வருவது, ஒருமுறை உணவில் உருவாகிவிட்டால் திரும்பக் கொதிக்கவைத்தாலும் போகாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒரு நாளுக்குள், காய்ச்சல் இல்லாமல் வயிற்று வலியும் போக்கும் என்றால் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். சால்மோனெல்லா பெரும்பாலும் ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள், காய்ச்சலோடு. கேம்பைலோபாக்டர் என்றால் இரண்டு முதல் ஐந்து நாள், அதற்குள் விருந்தையே மறந்து கடைசியாகச் சாப்பிட்ட ரொட்டி சானாயைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

விருந்துக் குழம்பில் நான் அதிகம் பயப்படுவது பெர்ஃப்ரிஞ்சன்ஸுக்குத்தான். அதன் ஸ்போர்கள், அதாவது விதை மாதிரி உறங்கிக் கிடக்கிற வடிவம், கொதியிலும் சாகாது. விடியற்காலையில் அண்டா நிறையக் கோழிக் குழம்பு வைத்து, மூடி போட்டு, அப்படியே மதியம் ஒரு மணி வரைக்கும் வைக்கிறார்கள். நடுவில் இருக்கிற குழம்பு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். 43 டிகிரியைச் சுற்றி இந்தக் கிருமி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகிவிடும். பச்சைக் கோழிக்கு வாங்கிய எந்த அறிக்கையும் இதற்கு உதவாது.

இன்னொன்று. டைஃபாய்டு ஊசி போட்டிருக்கிறோம், அதனால் சால்மோனெல்லா பயமில்லை என்று நிறைய சமையல்காரர்கள் கிளினிக்கில் சொல்கிறார்கள். 2009 உணவுச் சுகாதார விதிமுறைப்படி அந்த ஊசியும் பயிற்சியும் கட்டாயம், போட்டே ஆக வேண்டும். ஆனால் டைஃபாய்டு மனிதனிடமிருந்து மனிதனுக்குப் போகிற டைஃபி வகை. கோழியில் இருக்கிற வகைகளை அந்த ஊசி தடுக்காது.

சிப்புட்சமையல் எழுதியது:

தாதி அக்கா, நீங்கள் எழுதியது அப்படியே நம் பக்கத்து விருந்துகளின் வழக்கம். நானும் பெரிய ஆர்டருக்கு விடியற்காலையில்தான் அண்டா ஏற்றுவேன், ஆனால் சாப்பிடும் வரைக்கும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். தொழிற்சாலைக்கு என்றால் லோரியில் ஏற்ற வேண்டும், முக்கால் மணி பயணம். அந்த இடைவெளிக்கு என்ன செய்வது? மிச்சம் வந்தால்?

தாதி_பேராக் எழுதியது:

60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள், அவ்வளவுதான். நன்றாக மூடுகிற ஹாட்பாக்ஸில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொண்டுபோங்கள், இறக்கும்போது தெர்மாமீட்டரை நடுவில் விட்டுப் பாருங்கள், மேலாகப் பார்க்க வேண்டாம். மிச்சத்தை அண்டாவோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி ஆறுவதற்குள் ராத்திரி ஆகிவிடும். அகலமான தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு சின்னச் சுத்தமான டப்பா எடுத்து, நாள் எழுதி, உறையவைக்காமல் ஃப்ரிட்ஜில் சில நாள் வையுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அது உங்களையே காப்பாற்றும். மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள், உணவு நச்சு என்பது அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் மலம் கொடுக்கச் சொல்லுங்கள். போன வருடம் அந்த விருந்தில் பாத்திரங்களை எல்லாம் அன்றைக்கே கழுவிவிட்டிருப்பார்கள், அதனால்தான் உண்மை தெரியாமல் போனது.

சித்தியவான்பண்ணை எழுதியது:

பெட்ரிதட்டு தம்பி, கேம்பைலோபாக்டர் பற்றி அக்கா ஒரு வரிதான் எழுதினார். எங்கள் கோழிகளில் இரண்டு மூன்று வார வயதுக்கு மேல் அது சுலபமாகப் பரவுகிறது. கடைக்காரர், கேட்டரிங்காரர் யாரும் அந்தச் சோதனையைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஏன்?

பெட்ரிதட்டு எழுதியது:

பிடிவாதமான கிருமி அண்ணே, சாதாரணக் காற்றில் வளராது. ஆக்சிஜன் 5 விழுக்காடு, கார்பன் டையாக்சைடு 10, மீதி நைட்ரஜன் என்று தனியாகக் காற்றுக் கலந்து 41.5 டிகிரியில் வைக்க வேண்டும், கோழியின் உடல் சூடும் ஏறக்குறைய அதுதான். சில நூறு கிருமி உள்ளே போனாலே மனிதனுக்கு நோய் வரலாம். அரிதாக சிலருக்கு வயிறு குணமான பிறகு கை கால் தளர்கிற கில்லன்-பாரே நோயும் வரும், அதனால் இதைச் சின்னதாக நினைக்கக்கூடாது. எல்லா ஆய்வகத்திலும் இந்த வசதி இல்லை, சட்டமாக யாரும் கேட்பதும் இல்லை, அதனால் கேள்வியே வருவதில்லை. வந்தால் நல்லது என்பது என் ஆசை.

மாதிரி எடுக்கிறவர்களுக்கு இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். உறையவைத்தால் கேம்பைலோபாக்டர் பெருமளவு செத்துவிடும், சால்மோனெல்லாவும் அடிபடும். ராத்திரி ஃப்ரீசரில் போட்டுக் காலையில் கொண்டுவருகிறார்கள், அப்புறம் "இல்லை" என்று வந்தால் சந்தோஷப்படுகிறார்கள். ஐஸ் பெட்டியில், ஐஸ் நேராகப் படாமல், குளிராக மட்டும் கொண்டுவர வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பக்கம்தானே, அன்றைக்கே கொண்டுவந்துவிடலாம்.

சிப்புட்சமையல் எழுதியது:

சரி, நான் தீர்மானித்தது இது. தொழிற்சாலைக்கு ஒரே ஒரு காகிதம் கொடுக்கப் போவதில்லை. மாதாமாதம் ஐந்து கோழி, சால்மோனெல்லாவும் ஈ.கோலையும், பதினோரு மணிக்கு எடுத்தது. கூடவே சமைத்த குழம்பின் வெப்பத்தைத் தினமும் எழுதுகிற ஒரு நோட்டு. அவர்கள் கேட்டது இல்லை என்றாலும் கொடுப்பேன், ஏன் என்றும் விளக்குவேன். முடிவில் "உண்டு" என்று வந்தால் அந்த மாதம் கடையிலும் பண்ணையிலும் கேட்க வேண்டும், அதற்குக் கடைக்காரர் ஒத்துழைக்க வேண்டும்.

ஆலயப்பொருளாளர் எழுதியது:

மண்டபத்து விதியில் நானும் அறிக்கையை எடுத்துவிட்டு, வெப்பம் எழுதுகிற நோட்டையும் அந்தச் சின்ன டப்பாக்களையும் கேட்கலாம் என்று கமிட்டியில் பேசப்போகிறேன். ஃப்ரிட்ஜ் இல்லாத சமையல்காரருக்கு மண்டபத்திலேயே ஒன்று வைத்துக் கொடுக்கலாம்.

பசார்கோழி எழுதியது:

அக்கா, நீங்கள் எந்தக் கடையில் எடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. என் கடையானால் வாருங்கள், பதினோரு மணிக்கு மேல் வாருங்கள், நானே பெட்டியில் வைத்துத் தருகிறேன். "உண்டு" என்று வந்தால் என்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், மறைக்க வேண்டாம். எந்தப் பண்ணை லோரி அன்றைக்கு வந்தது என்று எழுதி வைக்கிறேன். என் தொட்டித் தண்ணீரையும் சேர்த்துச் சோதிக்க முடியுமா? நல்ல மினரல் வாட்டர் பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் பிடித்துக் கொடுத்தால் போதுமா?

பெட்ரிதட்டு எழுதியது:

போதாது அண்ணே. பாட்டில் ஆய்வகத்திலிருந்துதான் வாங்க வேண்டும், கிருமி நீக்கியது. உள்ளே வெள்ளையாகக் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தால் அழுக்கு என்று நினைத்து அலசிவிடாதீர்கள், அது சோடியம் தயோசல்ஃபேட், குளோரினை நிறுத்துவதற்குப் போட்டது. அது இல்லாவிட்டால் வருகிற வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், உங்கள் தண்ணீர் உண்மையில் இருப்பதைவிடச் சுத்தமாகத் தெரியும். வெந்நீர்த் தொட்டியில் ஒன்று, கழுவுகிற தொட்டியில் ஒன்று என்று இரண்டு பாட்டில் வாங்குங்கள். மணியை எழுதி ஒட்டுங்கள்.